சந்தனமிட்ட பில்ட் இயந்திரம்

பெரிய நிறுவனங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றேன். வேலை தேடிப் போனதாக எவரும் கருத வேண்டாம், அழைத்தார்கள், சென்றேன். மருத்துவமனை மருந்தகங்களுக்கான மென்பொருள் அவர்களுடையது. மருத்துவமனைக்கு ஒரு பிரதி. அந்தப் பிரதி யாருடைய மடிக்கணினியில் இருக்கிறதோ அவரே அதற்கு அதிபதி. கோப்புறைகளுக்கு ‘புதுசு’, ‘புதுசு கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று பெயர். ஒருவர் விடுப்பில் கும்பகோணம் போனால், ஒரு மருத்துவமனையே அவரோடு கும்பகோணம் போய்விடும்.

நான் அனைத்தையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்தேன். பொதுவான நிரல் ஓரிடத்தில். மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடுபவை தனித்தனியே. எவர் எழுதிய திருத்தமானாலும் மற்றொருவர் படித்து ஒப்பிய பிறகே உள்ளே சேரும். சேர்ந்த உடனே, மூலையில் வைத்திருந்த ஓர் இயந்திரம் மென்பொருள் முழுவதையும் தானாகவே புதிதாகக் கட்டி, நாங்கள் எழுதி வைத்த சோதனைகளை ஓட்டி, தேறினால் மட்டும் பதிப்பாக வெளியிடும். பில்ட் இயந்திரம் என்று அதற்குப் பெயர். அதன் வழியாக அல்லாது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது என் விதி. விலக்குக் கேட்டவர்கள் உண்டு. கொடுத்ததில்லை.

ஆயுத பூஜைக்குக் கருவிகளை ஓய்வில் வைக்கும் முன் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் குடும்ப வழக்கம். சமயபுரத்தில் கடை வைத்திருந்த காலம் முதல் அவர்கள் அப்படித்தான். எனவே துவாக்குடிச் சாலை மருத்துவமனைக்குரிய பதிப்பு பூஜைக்கு முந்தைய மாலையே போயிற்று. சோதனைகள் தேறியிருந்தன, நானும் ஒப்புதல் தந்தேன். மறுநாள் காலை பில்ட் இயந்திரத்தை அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சரஸ்வதி படத்தின் முன் மாலை சாத்தி வைத்தார்கள். முதலாளியின் தாயார் தம் கையால் பொட்டிட்டுவிட்டு வீடு திரும்பினார். பொரியும் சுண்டலும் கை மாறிக்கொண்டிருந்தபோது அந்த மருத்துவமனையின் மருந்தாளுநர் அழைத்தார்.

“சார், அரை மில்லின்னு போட்டா லேபிள்ல ஒரு மில்லின்னு வருது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து சார் இது.”

“யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

“இல்ல, முதல் லேபிள்லயே கண்ணுல பட்டுடுச்சு. இப்ப கையால எழுதி ஒட்டறேன். ரெண்டு மணிக்கு என் டூட்டி முடியுது. அடுத்து வர்றவங்க புதுசு, மெஷின்ல வர்றதை அப்படியே ஒட்டிடுவாங்க.”

“அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்கம்மா.”

“சொல்லாம போவேனா? இந்தக் கூட்டத்துல அவங்களுக்கு நினைவிருக்கணுமே. ஆயுத பூஜைன்னா காய்ச்சலும் லீவு போடுதா சார்?”

பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. மருந்துக் கையிருப்பு விவரங்கள் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டுவிட்டன. பூஜைக்கு வந்திருந்த எங்கள் மூத்த பொறியாளர், பட்டுப்புடவையோடே மடிக்கணினியைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். பில் தொகையை முழு ரூபாயாக்கும் நிரலைப் பொதுப்பகுதியில் சேர்த்திருந்தார்கள். அது மருந்தின் அளவையும் முழு எண்ணாக்கிவிட்டது. அவர் திருத்தி எழுதினார். நான் படித்து ஒப்பினேன்.

“என் லேப்டாப்லயே பில்ட் போட்டு அனுப்பிடறேன் சார். ஒரே ஒரு வரிதானே.”

“வேண்டாம்.”

“சார், அங்க குழந்தைங்க நிக்குது. இங்க நாம ரூல் பேசிட்டிருக்கோம்.”

“குழந்தைங்கங்கறதாலதான் வேண்டாங்கறேன்.”

முதலாளி என் அருகே வந்தார். “அம்மா கையால பொட்டு வெச்சது சார். நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கணும். ரூல் நீங்க போட்டதுதானே? ஒரு நாளைக்குத் தளர்த்தினா என்ன?”

“வழக்கமும் நீங்க வெச்சதுதானே?” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. பொறியாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் முடிவுக்கு வர்றதுக்குள்ள அங்க ஆள் மாறிடும்.”

தெய்வ நம்பிக்கையில் நான் எவருக்கும் குறைந்தவன் அல்லன். அன்றும் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத்தான் அலுவலகம் வந்திருந்தேன். காலணியை அப்பால் விட்டு, இயந்திரத்தின் மேலிருந்த மாலையை எடுத்துப் படத்தின் முன் வைத்தேன். விசையை அழுத்தினேன். முதலாளி தடுக்கவில்லை, திரும்பிக்கொண்டார்.

திருத்தம் உள்ளே போயிற்று. இயந்திரம் கட்டியது, சோதித்தது, திரை சிவந்து நின்றது. தேறவில்லை.

புள்ளியில் தொடங்கும் எண் எதுவும் லேபிளில் வரக்கூடாது என்று முன்பே ஒரு சோதனை வைத்திருந்தோம். அவசரத்தில் செய்த திருத்தம் அரை மில்லியை வெறும் ‘.5’ என்று அச்சிட்டது. மை மங்கிய சிறு லேபிளில் அந்தப் புள்ளி தெரியாது போனால், தாய் படிப்பது ஐந்து. பத்து மடங்கு. படித்து ஒப்பிய என் கண்ணுக்கும் அது தப்பியிருந்தது. முந்தைய மாலைப் பிழையை அதே சோதனை பிடிக்காததற்குக் காரணம் எளிது: ‘1’ என்பதில் புள்ளியே இல்லை. உள்ளிட்ட அளவும் லேபிளில் வரும் அளவும் ஒன்றா என்று ஒப்பிடும் சோதனை ஒன்றையும் உடனே சேர்க்கச் சொன்னேன்.

“லேப்டாப்ல போட்டிருந்தா இதை ஓட்டியே பாத்திருக்க மாட்டேன் சார்” என்றார் பொறியாளர். குரல் அடங்கியிருந்தது. சொல்லிக்காட்டும் நேரமல்ல அது.

முன்னே ஒரு பூஜ்யம் நிற்கும்படி எழுதினார். மறுமுறை எல்லாம் தேறின. பதிப்பு போயிற்று. மருந்தாளுநரை அழைத்துச் சொன்னேன், அவர் தொலைபேசியை வைக்காமலே ஒரு லேபிளை எடுத்துப் படித்தார்.

“பூஜ்யம் புள்ளி அஞ்சு மில்லி. தெளிவா இருக்கு சார். இன்னும் நாலஞ்சு மருந்து போட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அடுத்த ஆளும் வந்தாச்சு.”

முதலாளி கேட்டார்.

“இனிமே அணைச்சிடலாமா சார்?”

“அந்த மருந்துக் கவுன்டரை எப்ப மூடறாங்களோ, அப்ப அணைக்கலாம்.”

“எப்ப மூடுவாங்க?”

“மூடமாட்டாங்க” என்றார் பொறியாளர்.

முதலாளி ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்து, காற்றுத் துவாரங்களின் மேல் உலர்ந்திருந்த சந்தனத்தைத் தாமே துடைத்தார். உங்கள் தாயாரிடம் நான் வந்து சொல்கிறேன் என்றேன்.

“வேண்டாம் சார். நானே சொல்லிக்கறேன்” என்றார்.