மொட்டைக் கடிதமும் இரண்டு இடைவெளியும்

குடிநீர் இணைப்பு தரும் அந்த அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'ரெட்டைத்தட்டு அக்கா' என்றே கூப்பிட்டார்கள். முற்றுப்புள்ளி வைத்ததும் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டுவார். தட்டச்சுப் பள்ளியில் பழகியது. கணினி வந்த பிறகும் கட்டைவிரல் பேச்சைக் கேட்கவில்லை. படிப்பவருக்கு மூச்சு விட இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி.

புதிதாக வந்த மேலாளருக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

"இப்பல்லாம் ஒரு தட்டுதாம்மா. இடம் வீணாகுது பாருங்க."

"சரிங்க சார்" என்பார். இரண்டு தட்டுவார்.

அங்கே பெண்கள் கழிப்பறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய மீட்டர்களை அடுக்கியிருந்தார்கள். அக்காவும் மற்ற ஆறு பெண்களும் தெருமுனை மருத்துவமனைக்குப் போய், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவார்கள். மேலாளரிடம் நாலு தடவை சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு நாள் தலைமை அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் ஒன்று போனது. கழிப்பறை, மீட்டர், மருத்துவமனை எல்லாம் அதில் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மேலாளர் கடிதத்தில் முற்றுப்புள்ளிகளுக்குப் பின்னால் விரலை ஓட்டினார்.

"ரெண்டு ரெண்டா இடம் விட்டிருக்கு, மேடம். இப்படி அடிக்கிறவங்க இங்க ஒருத்தர்தான்."

அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"இது நீங்க அடிச்சதா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

மேலாளர் அடுக்கி வைத்திருந்த ஆதாரங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

"அப்புறம் ஏன் பேர் போடல?"

"போட்டோமே. ஏழு பேரும் கையெழுத்தே போட்டோம். அது ரெண்டாவது பக்கத்துக்குப் போயிடுச்சு. கவர்ல வைக்க மறந்துட்டேன்."

கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் 'இப்படிக்கு' என்ற சொல்லும் ஏழு கையெழுத்துகளும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"ஒரு தட்டு தட்டியிருந்தா ஒரே பக்கத்துல முடிஞ்சிருக்கும்" என்றார் மேலாளர்.

"அப்ப இது மொட்டைக் கடிதம் இல்லன்னு ஒத்துக்கிறீங்க" என்று சொல்லி, அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அக்கா எழுந்தார்.

"வாங்க மேடம், கூட்டிட்டுப் போறேன். வாசல்ல காவலாளி கேட்டா, மூணாவது மாடி, பிரசவ வார்டுன்னு சொல்லிடுங்க."

திங்கட்கிழமை மீட்டர்கள் எல்லாம் மேலாளர் அறைக்குக் குடிபெயர்ந்தன. வேறு இடம் இல்லை என்று அதிகாரியின் அறிக்கையில் இருந்தது.