36.9-லேயே நின்ற எண்

1985 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். முந்தின நாள் மாலை பிடித்த மழை விடவே இல்லை. மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. திருவண்ணாமலையிலிருந்து சைக்கிளை மிதித்து, தெப்பமாக நனைந்து, அடி அண்ணாமலையில் என் தங்கை வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். தங்கையும் அவள் கணவரும் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழிலில் இறங்கியிருந்தார்கள். தகரம் அடித்த ஒரு பெரிய மரப்பெட்டி, சூட்டுக்கு ஆறு குண்டு பல்பு, உள்ளே 412 முட்டை. அடுக்கிய அன்று நானே எண்ணினேன். முதல் ஈட்டில் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. இந்த முறையும் தவறினால் ஓசூருக்குப் போய் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுவது என்று மாப்பிள்ளை முடிவாகச் சொல்லிவிட்டார். தங்கைக்குப் போக மனமில்லை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

அதனால்தான் அந்தக் கருவியைச் செய்து கொடுத்தேன். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் சூட்டுக்குத் தக்கபடி ஒரு சின்ன மின்னழுத்தத்தை அனுப்பும். ஒரு சிப் அதை எண்ணாக மாற்றிச் சிவப்பு விளக்கில் காட்டும். 37.5-க்குக் கீழே போனால் பல்பைப் போட வேண்டும், 38-ஐத் தொட்டால் அணைக்க வேண்டும். தங்கைக்கு நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். கரன்ட் தொல்லைக்குப் பயந்து ஸ்டெபிலைசர், ஃபியூஸ் எல்லாம் வைத்திருந்தேன். கரன்ட் போய் வந்தால் சென்சார் நிதானத்துக்கு வர அரை மணி ஆகும் என்பதால் அதற்கு மட்டும் ஒரு ஸ்கூட்டர் பேட்டரியும் கொடுத்தேன். எண்கள் எரிய கரன்ட் ஜாஸ்தி வேண்டும், பேட்டரி தாங்காது. ஆகவே சிப்புக்கு அதிலிருந்து இணைப்புக் கொடுக்கவில்லை.

அன்று பதினெட்டாம் நாள். இன்னும் மூன்றே நாள். மாப்பிள்ளை தீவனம் வாங்கக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தார்.

"நனைஞ்சிட்டு எதுக்குண்ணா வந்த? உன் மிஷின் எங்களவிட உஷாரா இருக்குது" என்று துண்டை நீட்டினாள்.

"கரன்ட் எப்படி?"

"காலையிலேர்ந்து வருது, போவுது. லைன்மேன் கண்ணாமூச்சி ஆடறான்."

நான் தலை துவட்டுவதற்குள் மறுபடி போனது. எங்கோ கம்பியில் மரம் விழுந்திருக்க வேண்டும். சரிசெய்து போட்டுப் பார்ப்பார்கள், உடனே போய்விடும், மறுபடி போடுவார்கள். என் கண்ணெதிரே மட்டும் ஐந்து முறை போய் வந்தது. ஐந்தாம் முறை நிலைத்தது. எண் 36.9 என்று காட்டியது. ஆறு பல்பையும் போட்டோம்.

வழக்கமாகக் கடைசி இலக்கம் சும்மா இருக்காது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அன்று அசையவில்லை. எனக்கு அதில் பெருமைதான் வந்தது. "இத்தனை தடவை கரன்ட் போயும் எப்படி ஆடாம நிக்குது பார்த்தியா?" என்றேன்.

"அவர் இன்னிக்கி வரும்போது இரவல் குடுத்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்கியாரேன்னாரு. எங்க அண்ணன நம்பலியான்னு கேட்டு வாய அடைச்சிட்டேன்."

தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மழையில் விறைத்த கைக்கு எதுவும் சுடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஈர நாளில் சூடு மெல்லத்தான் ஏறும் என்று அவளுக்கும் சொன்னேன். டீ குடித்தோம். முதல் குஞ்சுக்கு என் பேரை வைக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தாள். "அதுவும் உன்ன மாதிரியே எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே திரியும்."

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மூட்டையை இறக்கியதும் பெட்டிக் கதவைத் திறந்தவர், முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னா மச்சான் இது, அடுப்பு மாதிரி அடிக்குது?"

எண்ணைப் பார்த்தேன். 36.9.

தங்கை ஒரு முட்டையை உடைத்தாள். இறகு முளைத்த முழுக் குஞ்சு. அசைவில்லை. இன்னொன்று. மூன்றாவதை உடைக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றுகூட நெளியவில்லை. இருந்தும் தங்கை இருபத்துமூன்றாம் நாள்வரை சூடு காட்டினாள். ஒரு ஓடும் விரியவில்லை.

அந்தச் சிப்பை எடுத்துக்கொண்டு சென்னையில் நான் வாங்கிய கடைக்குப் போனேன். யாரென்றே தெரியாத எனக்கு அந்தக் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கரன்ட் போனப்புறம் சென்சார் பேட்டரியில ஓடுதுங்களா, சார்?"

ஆமாம் என்றேன். அவர் பேனாவை எடுத்து வரைந்து காட்டினார். கரன்ட் இல்லாமல் கிடக்கும் சிப்பின் காலில் வெளியிலிருந்து மின்னழுத்தம் வரவே கூடாதாம். நான் பேட்டரி வைத்து, ஒவ்வொரு முறை கரன்ட் போனபோதும் அதைத்தான் செய்திருக்கிறேன். அந்த நிலையில் மறுபடி கரன்ட் வந்தால் சிப் உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு சூடேறிச் செத்துவிடும். சமயத்தில் கடைசியாகக் காட்டிய எண் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். சென்சார் கம்பியில் ஒரு ரெசிஸ்டர், சிப்பின் காலில் இரண்டு டையோடு போட்டிருந்தால் தப்பியிருக்கலாம். அல்லது சென்சார், சிப் இரண்டுக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்து, சேர்ந்தே அணைந்து சேர்ந்தே எரியும்படி விட்டிருக்கலாம். கரன்ட் வரும் வழியை எல்லாம் அடைத்த நான், சென்சாரிலிருந்து வரும் வழியை யோசிக்கவே இல்லை. புதுச் சிப் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்பே அவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள். பஸ் ஏறும்போது தங்கை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "மழையில நனையாதண்ணா" என்று மட்டும் சொன்னாள். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, காலெல்லாம் வீக்கம் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போய் நின்றால் சோறு போடுவாள், முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். அவள் கண்ணை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது.

முட்டைக்காகவாவது இருக்கட்டும் என்று அந்த மாசியில் அவளுக்கு அறுநூறு ரூபாய் மணியார்டர் செய்தேன். வாங்க மறுத்து, பணம் எனக்கே திரும்பி வந்தது. கமிஷன் முப்பது ரூபாயைத் தபாலாபீஸில் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு வாழ்க்கையைக் கெடுத்ததற்கு என் கையிலிருந்து கடைசியில் போனது அந்த முப்பது ரூபாய்தான்.