மலிகாக்காவின் ஃப்ரிட்ஜுக்கு ஜுரம்

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கும் மலிகாக்காவின் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடினால் இந்தப் பக்கம் எங்கள் முருகர் படம் ஆடும். மலிகாக்கா துணி தைப்பவர் அல்ல, உறை தைப்பவர். மிக்ஸி, வாஷிங் மெஷின், டிவி, பைக் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் ரெக்ஸினிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் உறை தைத்துத் தருவார். ஒரு பெரியவரின் ஊன்றுகோலுக்குக்கூட தைத்துத் தந்திருக்கிறார். ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் கரித்தூசி. எங்கள் பகுதியில் மூடி வைக்காத பொருள் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும் அல்லது கறுத்துப்போகும். அதனால் அவருக்கு வேலை இல்லாத நாள் இல்லை.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் எந்தப் பொருளையும் நேரடியாகத் தொட முடியாது. ரிமோட், கேஸ் ரெகுலேட்டர், சுவர்க் கடிகாரம் எல்லாமே உறைக்குள் இருக்கும். மணி பார்க்க வேண்டுமானால் முதலில் உறையைத் துடைக்க வேண்டும். அவர் கணவர் ஹபீபுல்லா மாமா கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் சீல் எண்ணைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார். "இந்த வூட்ல உறை போடாத ஐட்டம் நான் ஒருத்தன்தான். சொல்ல முடியாது, அளவு எடுத்துகினு இருக்கா," என்பார்.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. திருவொற்றியூர் எபினேசர் அண்ணாச்சி கடையில் வாங்கியது. கதவிலும் இரண்டு பக்கங்களிலும் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படம் ஒட்டியிருந்தது. இறக்கி வைத்த ஆள் அதை உரிக்கக் கை வைத்ததும் மலிகாக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிக்காரனே உறை போட்டு குட்துகீறான். அத ஏன் நைனா கிழிக்கிற?"

படம் அப்படியே இருந்தது. ஒரு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு டிசம்பர் காலையில், வாங்கி ஒரு வருடமும் பதினோரு நாளும் ஆகியிருந்தபோது, மாமா இன்சுலின் மருந்தை எடுக்கக் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது, உறுமல் கேட்டது, ஆனால் மருந்துப் புட்டி வெதுவெதுப்பாக இருந்தது. தக்காளி இளகிப்போயிருந்தது. முட்டையைக் கையில் எடுத்தால் கோழிக்கு அடியிலிருந்து எடுத்த சூடு.

அரசு ஆஸ்பத்திரியில் புது மருந்து வாங்கிக்கொண்டு மலிகாக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பழைய ஃப்ரிட்ஜில், அம்மா மீன் வைக்கும் தட்டுக்கு மேலே, மருந்துக்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து மாமா தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் எங்கள் சமையலறைக்கு வந்து நின்றார். அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவாள். மாமா தரையைப் பார்த்தபடியே மருந்தை எடுப்பார். ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "இன்னா மீனுமா இன்னிக்கி?" என்பார். "சங்கரா," என்பாள் அம்மா. மறுநாள், "இன்னா மீனுமா?" "அதே சங்கராதான்."

ஒரு வாரம் கழித்து அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். "மகிழினி, ஊசி வலிக்கல. காலங்காத்தால பக்கத்து வூட்டு அடுப்பங்கரைல போய் நிக்கறதுதான் வலிக்குது. எப்பிடியாச்சும் அத சரி பண்ணிக் குடுமா. நீ படிச்ச பொண்ணு."

நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். 'நுகர்வோரின் ஆறு உரிமைகளை விளக்குக' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். அந்த ஆறில் எதை எந்தக் கவுண்டரில் கேட்பது என்று மட்டும் எனக்குத் தெரியாது. பாடத்தில் அது இல்லை.

முதலில் கடைக்குப் போனோம். "நான் விக்கதோட சரிக்கா. நல்லா ஓடுதுன்னா எம் பேரைச் சொல்லுவீங்க, ஓடலன்னா கம்பெனிக்காரனத்தான் கேக்கணும்," என்றார் எபினேசர் அண்ணாச்சி. கூடவே டீ வாங்கித் தந்தார். கம்பெனிக்கு போன் செய்தோம். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் சொன்னது: ஆள் வந்து பார்க்கும்வரை ஃப்ரிட்ஜை அணைக்கக் கூடாது.

ஆள் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அந்த ஃப்ரிட்ஜ் சூடாக ஓடிக்கொண்டே இருந்தது. மழைக்காலம். தெருவில் யார் வீட்டிலும் இட்லி மாவு பொங்கவில்லை. "சூடா கீதுன்னு சொன்னியே மலிகா, இத அதுல வெச்சுப் பாக்கட்டா?" என்று அம்மாதான் முதலில் கேட்டாள். நான்கு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் ஐந்து பாத்திரங்கள் வந்தன. அடையாளத்துக்கு ஒன்றில் சிவப்புக் கயிறு, ஒன்றில் பொட்டு, ஒன்றில் பழைய ஹேர்பேண்ட். "இந்த மாதிரி ஒரு பொருளுக்கு யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுப்பாங்களா?" என்று எதிர் வீட்டு மலர் அக்கா என்னிடம் உண்மையாகவே கோபித்துக்கொண்டாள்.

டெக்னீஷியன் ஷிபின் வந்தபோது உள்ளே ஏழு பாத்திரம் மாவு இருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பையன், மரியாதையானவன். கதவைத் திறந்து பாத்திரங்களை ஒருமுறை எண்ணினான்.

"அக்கா, இது ஃப்ரிட்ஜா?"

"அத கேக்கத்தான் உன்ன கூப்டது," என்றார் மலிகாக்கா.

பின்புறத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். உள்ளே பனியை உருக்கும் ஹீட்டர் ஒன்று உண்டு. அது நிற்காமல் ஓடுகிறது. கம்பெனி செய்த தவறு. "ஆனா நான் அப்படி எழுத முடியாதுக்கா. படம் உரிக்காம இருந்தா அதைத்தான் காரணமா எழுதணும்னு சொல்லிருக்காவ." எழுதினான். மாவுப் பாத்திரங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வாரண்டி முடிந்துவிட்டது. பாதுகாப்புப் படம் உரிக்கப்படாததால் நிறுவல் முழுமையடையவில்லை. மேலும் வாடிக்கையாளர் பொருளை மாவு புளிக்க வைக்கப் பயன்படுத்துகிறார், அந்தப் பயன்பாட்டில் பொருள் திருப்திகரமாக இயங்குகிறது.

மூன்றாவது காரணத்தைப் படித்துக் காட்டியபோது மலிகாக்கா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மணி ஏழாகியிருந்தது. எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனார்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட வக்கீல் தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான்கு நாள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். எத்தனை சட்டப் பிரிவுகள் கிடைத்தனவோ அத்தனையையும் சேர்த்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி மலிகாக்காவுக்காக எழுதியதல்ல. என் பட்டத்துக்கு ஏதோ பயன் இருக்கிறது என்று எனக்கே நிரூபிக்க எழுதியது. சூட்டுக்குச் சான்று வேண்டுமே என்று ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். நூற்று ஒன்று காட்டியது. "பாவம், ஜுரம்," என்றார் மாமா. அதைப் போட்டோ எடுத்து மனுவோடு இணைத்தேன்.

வாரண்டி அட்டையையும் இணைக்க வேண்டும். மலிகாக்கா அதை ரெக்ஸின் பைக்குள் வைத்து நான்கு பக்கமும் தைத்திருந்தார். ஈரம் படக் கூடாதாம்.

"பிரிக்கணும்க்கா."

"பில்லு காப்பி அண்ணாச்சி குடுத்துட்டாரு இல்ல, அது போதும். ரெக்ஸினுல ஒரு தபா பிரிச்சா அதே ஓட்டைல ஊசி மறுபடி போவாது பாப்பா. கிழிஞ்சு நிக்கும்."

நானும் விட்டுவிட்டேன். எல்லாக் கம்பெனி அட்டையிலும் ஒன்றுதானே இருக்கும் என்று நினைத்தேன்.

விசாரணை நாளன்று மலிகாக்கா மனுவின் ஒவ்வொரு பிரதிக்கும் தனி உறை தைத்துக் கொண்டுவந்தார். முத்திரை குத்துவதற்காக அங்கிருந்த ஊழியர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கம்பெனி வக்கீல் இளைஞர், நல்ல குரல். வாரண்டி முடிந்தது, மாவு புளிக்க வைத்தார்கள், படத்தை உரிக்கவில்லை, எனவே நிறுவல் இன்றுவரை முழுமையடையவே இல்லை என்று சொல்லி, கையேட்டின் பக்க எண்ணையும் சொன்னார்.

நான் எழுந்து என் ஏழு பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆணையத்தின் தலைவர் கையைக் காட்டினார். வயதான அம்மா, கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. "பிரிவெல்லாம் எனக்குத் தெரியும்மா. வாரண்டி அட்டை எங்கே?"

மலிகாக்கா ரெக்ஸின் பையை நீட்டினார். தலைவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படித் திறக்கிறது?"

"தொறக்கறதுக்குத் தைக்கலம்மா."

மலிகாக்காவின் கத்தரிக்கோலை வாசலிலேயே காவலர் வாங்கி வைத்துவிட்டார். மலிகாக்கா தன் துப்பட்டாவிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினார். கூடம் முழுக்கக் காத்திருந்தது. அடுத்த வழக்குக்காரர், ஒரு மிக்ஸியோடு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, "கையி வேல சூப்பரா கீதுக்கா, இன்னா ரேட்டு?" என்று கேட்டார். "மிக்ஸிக்குன்னா அளவு பாக்கணும்," என்றார் மலிகாக்கா தலை நிமிராமல்.

அட்டை வெளியே வந்தது. நேற்று அச்சடித்தது போல இருந்தது. தலைவர் அதை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததை ஒருமுறை தனக்குள் படித்தார், பிறகு தமிழில் சொன்னார். வாரண்டி ஒரு வருடம். நிறுவல் முழுமையடைந்த நாளிலிருந்து.

நான் என் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பக்கம் எழுதியவள் இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. அதன் அர்த்தம்கூட எனக்கு உடனே பிடிபடவில்லை. மலிகாக்காவுக்குப் பிடிபட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? எங்கூட்டுக்காரரு யார்டுல சீல் பாக்கறவரு. சீல் உடையாம கீற பொட்டி டெலிவரி ஆயிட்ச்சுன்னு எவனும் கையெழுத்து போட மாட்டான். இந்த சாரு படம் உரிக்கல, வேலை முடியலன்றாரு. வேலை முடிஞ்சாத்தான் வாரண்டி ஆரம்பம்னு அவங்க அட்டையே சொல்லுது. அப்போ ஆரம்பிக்காத வாரண்டி எப்பிடிம்மா முடியும்?"

தலைவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையேட்டைப் பார்த்தார். அதே பக்கத்தை மூன்று முறை புரட்டினார். "நிறுவல் ஓரளவு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்," என்றார் கடைசியில்.

"எவ்வளவு ஓரளவு?" என்றார் தலைவர்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அதே அளவில் புது ஃப்ரிட்ஜ் தர வேண்டும், இரண்டு தரப்பும் இருக்கும்போது கம்பெனி ஒட்டிய படத்தை உரித்து நிறுவலை முழுமையாக முடிக்க வேண்டும்.

புது ஃப்ரிட்ஜோடு ஷிபினே வந்தான். பழையதைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது தெருவில் நான்கைந்து பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். மலர் அக்கா என்னிடம் வந்து, "மகி, அத திருப்பி வாங்க ஒரு மனு எழுத முடியுமா? நாங்க எல்லாரும் கையெழுத்து போடறோம்," என்றாள். முடியாது என்றேன். பிறகு, நிச்சயமாக முடியாதா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

உள்ளே ஷிபின் படத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கினான். "நீங்கதான் உரிக்கணும்க்கா. நான் போட்டோ அனுப்பணும்." மாமா கையில் மருந்துப் புட்டியோடு காத்திருந்தார். மலிகாக்கா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். படம் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதை மடித்து பீரோவில் வைத்தார். மாமா மருந்தைக் கதவின் இரண்டாம் தட்டில் வைத்தார். ஷிபின் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

மாலையில் மலிகாக்கா கதவின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நுனி கறுத்திருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆர்டர இன்னொரு தபா படி. கம்பெனி ஒட்டின படத்த எடுக்கணும்னு கீது. நானு தைக்கற உறைய போடக் கூடாதுன்னு எங்கனா கீதா?"

இந்த முறை எல்லா வரிகளையும் படித்தேன். இரண்டு தடவை.

"இல்லக்கா."

தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. எங்கள் முருகர் ஆடினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா பழக்கத்தில் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். யாரும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புது உறையின் ஜிப்பை நீளமாக இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஊசி போட்டுக்கறாரு," என்றாள் அம்மா. துண்டை எடுத்துவிட்டு மீனைக் கழுவப் போனாள்.