டூமா அப்பாவின் ஒற்றைப் பெட்டி

டூமா அப்பாவோடு சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே பல்லி புகுந்துவிட்டது என்றார் அப்பா. பல்லி இல்லை. டூமா வயரைப் பிடித்துக்கொண்டே சவுண்டு மிக்சர் வரை போனாள்.

"அப்பா, இது மோனோவே இல்லையே."

"ஒத்த ஸ்பீக்கர்ல கேட்டா மோனோதானம்மா?"

"ரெண்டு பக்கமும் சேர்ந்து வரணும். இதுல இடது பக்கம் மட்டும்தான் வருது. எத்தனை வருஷமா இப்படி?"

அப்பா தரையில் திருகாணியைத் தேடினார்.

சியாந்தார் ஊரில், எதிரொலி வராமல் வீட்டுப் பின்னறைச் சுவரில் மெத்தைகளைச் சாத்தி, மூவர் பாட்டுக் குழுக்களை அப்பா பதிவு செய்துவந்தார். மாங்காசி என்ற பெயர் அடையாள அட்டையோடு சரி. மகள் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கப்படி ஊருக்கு அவர் டூமா அப்பா. பெரிய ஸ்பீக்கர்களை அவர் நம்பியதில்லை. "அதுங்க முகஸ்துதி பாடும். கள்ளுக்கடையில எவன் ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல உக்காந்து குடிக்கிறான்? அடுப்புக்கு மேல ஒண்ணே ஒண்ணு தொங்கும். அதுல கேக்கலன்னா பாடவே இல்லன்னு அர்த்தம்." எனவே பெரியவற்றை அணைத்துவிட்டு, பிஸ்கட் டின் மேல் ஏற்றிய அந்தச் சின்னப் பெட்டியில் கேட்டுத்தான் குரல்களை ஏற்றி இறக்கிக் கடைசிக் கலவை செய்வார்.

மூவரில் ஒருவன் குரல் இடது பக்கம், ஒருவனுடையது நடுவில், ஒருவனுடையது வலது பக்கம் என்று பதிவாகும். அந்தப் பெட்டியில் வலதுபக்கப் பாடகன் கேட்கவே மாட்டான்; அப்பா சத்தத்தை ஏற்றுவார். இடதுபக்கத்தான் காதைக் கிழிப்பான்; இறக்குவார். வலதுபக்கம் நிற்க ஊரில் அடிதடியே நடந்தது. அங்கே நின்றவனுக்கெல்லாம் சீக்கிரம் கல்யாணம் ஆனது.

இடதுபக்கம் நிரந்தரமாகத் தோகாருக்கு. மோட்டார் ரிக்‌ஷா ஓட்டுபவன். தெருமுனைக் கள்ளுக்கடைக்காரர் பார்தமுவான் அவன் மாமனார். ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பார்: "மாப்ள, வீடியோவுல வாய் அசையுது. சத்தத்த ரிக்‌ஷாவுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பெண் கொடுத்தவரை எதிர்த்துப் பேச முடியுமா? தோகார் கடலையை மென்று விழுங்குவான். போன வாரம் பதிவு முடிந்ததும் அப்பாவிடம், "இதோட போதும் அண்ணே. இனி பாடல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

டூமா இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்து, இரு பக்கத்தையும் ஒன்றாக்கினாள். போன வாரம் பதிந்த பாட்டைப் போட்டார்கள். வலதுபக்கத்தான் கர்ஜித்தான். தோகார் எங்கோ கொசு மாதிரி.

அப்பா மெத்தையில் உட்கார்ந்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வெளிய சொல்லிடாதம்மா. வலதுபக்கத்தானுங்க காதுல விழுந்தா, இதச் சரி பண்ணாதேன்னு வாசல்ல வந்து படுத்துக்குவானுங்க."

மறுபடி கலந்தார்கள். தோகார் மேலே வந்தான்.

"அட, இவன் நல்லா பாடுறானே!"

"எப்பவுமே நல்லாத்தான் பாடுறார். நீங்கதான் அமுக்கி வச்சிருந்தீங்க."

புதுக் கலவையைப் பென் டிரைவில் ஏற்றி அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "காலையில நானே போய் அவன் மாமனார் கடையில போடுறேன். தப்பு என்னோடதுன்னும் சொல்லணும். அதுக்கு முதல்ல ஒரு டம்ளர் கள்ளு வேணும்."

காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் மூவர் குழு பாட வந்தது. இருவர்தான் பாடினார்கள்.

"இன்னிக்காவது வாயத் தொறங்க மாப்ள" என்றார் பார்தமுவான்.

"அவரே போயிட்டார் மாமா. இனி யாருக்குப் பாடணும்?" என்றான் தோகார்.

அப்பாவின் நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பையில் பென் டிரைவ் அப்படியே இருந்தது. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் தெருமுனையில் கடையைத் திறந்தார்கள். அடுப்புக்கு மேலே பழைய பாட்டு ஓடியது. வலதுபக்கத்தான் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.