பதினெட்டாம் பக்கத்து நட்சத்திரம்

வாரப் பத்திரிகையின் பதினெட்டாம் பக்கத்தில் வரும் ‘யார் இந்த நட்சத்திரம்?’ பகுதியைப் பத்தொன்பது வருடமாக எழுதுவது, அங்கே பிழை திருத்தும் அம்மாள்தான். ஐந்து துப்பு கொடுப்பாள். ஆளை வாசகர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பார்த்த வேலை, கற்றுக்கொண்ட வாத்தியம், ஓடாமல் போன படங்கள் என்று ஐந்தும் உழைப்பைப் பற்றியே இருக்கும். யார் யாரை விட்டுப் போனார் என்பதைத் தலைகீழாக நின்றாலும் அவளிடம் எழுதி வாங்க முடியாது.

புதிதாக வந்த ஆசிரியருக்கு அது சப்பென்று இருந்தது. ஒரு நடிகையைப் பற்றிய முதல் துப்பை அடித்துவிட்டு, ‘இரண்டு புருஷன்களை விட்டவர்’ என்று எழுதினார்.

“சார், இது துப்பு இல்ல, வம்பு.”

“எதுவா இருந்தா என்னம்மா? இப்படிப் போட்டாத்தான் ஜனங்க சட்டுனு கண்டுபிடிப்பாங்க. மிச்சத்தையும் இதே மாதிரி மாத்திக் கொண்டாங்க.”

அவள் வேறொருவரைப் பற்றிப் புதிதாக ஐந்து துப்பு எழுதி அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் எடுத்துப் படித்தார்.

‘ஒன்று: மாமனார் தயவில் நாற்காலி பிடித்தவர். இரண்டு: தலையில் இருப்பது சொந்த முடியல்ல.’

ஆசிரியரின் கை தானாகவே தலைக்குப் போனது.

“நீங்க சொன்னது சரிதான் சார்,” என்றாள் அவள். “மூணாவதுக்குக்கூடப் போகல, சட்டுனு கண்டுபிடிச்சிட்டீங்களே!”