செவுரு காளியப்பனுக்குச் சால்வை, எனக்கு வயிற்றெரிச்சல்

இன்று ஜமுனாமரத்தூரில் என் நண்பனுக்குச் சால்வை போட்டார்கள்.

நானும் கை தட்டினேன். (பல்லைக் கடித்துக்கொண்டு.)

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மலையில் ஒரு ஹாக்கி டீம் இருந்தது. அதன் பழைய ஆட்டக்காரர்கள் கூடிய விழா.

காளியப்பனும் நானும் ஃபுல் பேக். கோலுக்கு முன்னால் அவன் ரைட், நான் லெஃப்ட்.

அவனுக்கு ஊர் வைத்த பெயர் 'செவுரு காளியப்பன்'. எனக்கு ஊர் எந்தப் பெயரும் வைக்கவில்லை!

அவன் செவுரு ஆனது திருப்பத்தூரில் நடந்த ஒரு செமி ஃபைனலில்.

எங்கள் மலை மைதானம் இடது பக்கம் சரிவு. கோல் போஸ்ட்டும் ஒன்றே ஒன்றுதான். அதைக் காக்கும் நாங்கள் தினமும் ஒரே திசை பார்த்து நின்று, பந்து சரிவில் ஓடிவிடாதபடி கொஞ்சம் வலது பக்கம் சாய்த்தே அடித்துப் பழகியிருந்தோம்.

திருப்பத்தூர் மைதானமோ தோசைக்கல் மாதிரி தட்டை.

பழக்கம் விடுமா? நாங்கள் அடித்த பந்தெல்லாம் வலது கோட்டைத் தாண்டி வெளியே போனது!

எதிர் டீம் பந்தை அங்கிருந்தே எடுத்து அங்கேயே தாக்கியது. அதாவது, காளியப்பன் பக்கம்.

தப்பு எல்லோருடையது. பேர் மட்டும் அவனுக்கு!

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் மறித்தான். ஒவ்வொரு தடவையும் விசில் பறந்தது.

ஆனால் அவனைத் தாண்டி வந்த பந்துகள்? அவற்றை நான்தான் குறுக்கே ஓடிப்போய் நிறுத்தினேன். அதற்குள் கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்திருக்கும்.

ஒரு கோலில் ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கினார்கள். (தூக்கியவர்களில் நானும் ஒருவன். கனம் வேறு!)

அன்று பிடித்த பொறாமை இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் "செவுரு காளியப்பன் ஃப்ரெண்டுதானே நீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

இன்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஆலங்காயத்தில் பஸ் ஏறினேன்.

மைக்கைக் கொடுத்தார்கள். "காளியப்பன் அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்கண்ணா."

பேசினேன். "காளி தடுத்ததெல்லாம் பாத்தீங்க. காளியத் தாண்டி வந்தத யாரு தடுத்தாங்கன்னு எவனாச்சும் பாத்தீங்களா?"

அரங்கமே சிரித்தது! காளியப்பன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"அண்ணன் எப்பவுமே தமாஷ்தான்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாமைச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து இலைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, நீங்க பேசுனது தமாஷ் இல்ல. நெசம். ஒவ்வொரு தடவயும் நீங்கதான் ஓடுனீங்க."

ஒருத்தர்! இத்தனை வருடத்தில் ஒரே ஒருத்தராவது பார்த்திருக்கிறார்!

"நல்ல கண்ணுபா உனுக்கு! நான் அந்தாண்ட ஓடிட்டா என் எடம் காலியாத்தான் கெடக்கும். நம்ம நல்ல நேரம், அவனுங்க அந்தப் பக்கம் வரவே இல்ல."

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வந்தானுங்கண்ணா."

"எப்போ?"

"நீங்க ஓடுனப்பல்லாம். நான் உங்க எடத்துல நின்னு தடுத்துக்கினு இருந்தேன்."

"இன்னாபா சொல்ற? நீ மேட்ச் பாக்க வந்தவன் இல்லயா?"

"பாக்கலண்ணா. ஆடுனேன். லெஃப்ட் ஹாஃப். உங்களுக்கு முன்னாடிதான் நின்னேன்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

"மிஸ்டு கால் குடுக்கிறேன், நம்பர சேவ் பண்ணிக்கோங்கண்ணா. போட்டோ அனுப்பறேன்."

சேவ் பண்ணப் போனால், போன் பெயர் கேட்கிறது.

யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'லெஃப்ட் ஹாஃப்' என்று அடித்து, போனைச் சட்டென்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அந்த டீமில் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் பெயரை எனக்குச் சொல்வீர்களா?

இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம். அவரும் படிப்பார்.