நல்லமிளகு விலக்கிய வீடு

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்த கையால் வளர்த்தேன்; யாரிடமும் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும்.

என் இளைய மகளுக்கு மார்பில் புற்று. முதலில் மாத்திரை கேட்டது, கட்டி வற்றியது. சபையில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டோம். அடுத்த மழைக்காலத்தில் கட்டி திரும்ப வந்தது.

"மருந்து உள்ளேதான் போகுது அம்மா. புற்று அதை வெளியே இறைச்சுத் தள்ளுது" என்றார் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். வேறு மாத்திரை எழுதினார்.

அவரிடம் படிக்கிற சின்ன டாக்டர் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. நல்லமிளகின் எரிவுச் சத்தைப் பிரித்தெடுத்துச் சோதித்தால், புற்று மருந்தைத் தள்ளுகிற வழியை அது அடைக்கிறதாம். மஞ்சளிலும் அப்படி ஒரு சத்து உண்டாம். மகளிடம் அவர் சொன்னது எனக்குப் போதும். எங்கள் வீட்டில் சளிக்கும் நல்லமிளகுதான், பிள்ளை பெற்றவளுக்கும் நல்லமிளகுதான். அடுத்த தடவை, பலாமரத்தில் படர்ந்த எங்கள் கொடியின் மிளகைப் புடைத்துத் துணியில் கட்டி, அவர் மேசையில் வைத்தேன்.

"இதில இருந்து எடுங்க மக்கா. மருந்தடிக்காத கொடியாக்கும். எனக்க மகளுக்கு இதிலயே செய்யுங்க."

மகள் தன் தலையில் கைவைத்தாள். "அம்மா, இவரு என்ன உரலு வச்சா இடிக்காரு?"

அவர் சிரிக்கவில்லை. "நான் சொன்னது கண்ணாடித் தட்டில வளர்த்த புற்றணுவுல அம்மா. மனுசருக்குக் குடுக்க இன்னும் மருந்தாகல்ல. கசாயம் வச்சும் குடுத்திராதீங்க. இந்த மாத்திரை மருந்தை அது ரத்தத்தில அளவுக்கு மேல கூட்டிவிட்டா வாயெல்லாம் வெந்துபோவும்."

"எப்பம் மருந்தாகும்?"

"தெரியாதும்மா."

கோபம் வந்தது. பொதியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆனால் சொன்னதைக் கேட்டேன். என் அடுக்களையில் நல்லமிளகு சேர்ப்பது நின்றது. அவளுக்கு அரைத்துக் கொடு என்று சொல்ல வந்தவர்களை வாசலிலேயே திருப்பினேன். மகள்தான் வழக்கிட்டாள்.

"இந்த வெந்நிக்குப் பேரு ரசமாக்கும்?"

"ஏட்டி, வாயை அடக்கு. மாத்திரை தீரட்டும்."

"அதுக்கு முன்ன நான் தீந்திருவேன்."

கட்டி நிற்கவில்லை. ஈரலுக்கும் போனது. பெரிய டாக்டர் மாத்திரைகளை நிறுத்தினார். "இனி ஆசைப்படுகதெல்லாம் குடுங்க" என்றார். சின்ன டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன், நல்லமிளகும் கொடுக்கலாமா என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "குடுங்கம்மா" என்றார். விலக்கியதைத் திருப்பித் தந்தால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் ரசம் வைத்தேன். இரண்டு மடக்கு குடித்து, "இப்பம் கொள்ளாம், இதாக்கும் ரசம்" என்றாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அவளை அடக்கம் செய்தோம்.

கசாயம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று இன்றும் சொல்கிறார்கள். கொடுத்திருந்தால் வாய் வெந்தும் செத்திருப்பாள். அந்தக் கொடியிலிருந்து ஒருநாள் மருந்து வரலாம். என் மகளுக்கு வரவில்லை.

அவள் பெற்ற பெண் பக்கத்தில் இருக்கிறாள். மக்கா, நான் எழுதினது எனக்கே தெளியல்ல. முதல்ல இருந்து உரக்க வாசி. ஒனக்க அம்மை பேசுன இடத்தை விட்டுராதே.